பிள்ளை இன்னும் பேசவில்லையே!

(திருவிழாவை ஒட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தென்பாண்டி நாட்டில், தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில், 17ஆம் நூற்றாண்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தையார் சண்முகசிகாமணிக் கவிராயர்; தாயார் சிவகாமசுந்தரி அம்மையார். புலவர் குடும்பம் என்பதால் எந்நேரமும் தமிழ் ஒலித்துக்கொண்டிருந்த இல்லம் அது. அவ்வாறிருந்தும் அக்குழந்தை ஐந்து வயது வரை ஒரு சொல்லும் பேசவில்லை என்று வரலாறு கூறுகிறது. பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூர் சென்றனர். செந்திலாண்டவன் சந்நிதியில் நோன்பிருந்தனர். அங்கே வாய் திறந்து கந்தர் கலிவெண்பாவைப் பாடிய பிள்ளையே பிற்காலத்தில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழும் நீதிநெறி விளக்கமும் அருளிய குமரகுருபர சுவாமிகள்.

முருகன் ஆலயங்களில் ஆண்டுதோறும் சொல்லப்பெறும் வரலாறு இது. பேசாத பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய் இதனைக் கேட்கும்போது மற்றவர்களைப் போலக் கேட்பதில்லை. அவளுக்கு இது தன் வீட்டுச் செய்தி. பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர், “ஐந்து வயதில்கூடப் பேச்சு வரும் அம்மா, கவலைப்படாதே” என்கிறார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆயினும் அந்தப் பெற்றோர் செய்த செயலை அவர் கவனிக்கத் தவறிவிடுகிறார். ‘தானே வரும்’ என்று அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. தங்கள் காலத்தில் எந்த வாயில் திறந்திருந்ததோ அந்த வாயிலை நோக்கிப் பிள்ளையோடு நடந்தார்கள். இன்று வேறு சில வாயில்களும் திறந்திருக்கின்றன. அருளாளர் ஒருவரின் வரலாற்றை மருத்துவக் குறிப்பாகப் படிப்பது முறையன்று. அப்பெற்றோரின் தவிப்பைப் புரிந்துகொள்வதற்குத் தடையில்லை.

இரண்டு வயதுப் பிள்ளை பேசவில்லை என்றால் வீட்டில் என்னென்ன கேட்கும் என்பது பலருக்கும் தெரியும். “அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான்” என்பார் பாட்டி. “ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்” என்பார் அத்தை. “வீட்டில் மூன்று மொழி, பிள்ளைக்குக் குழப்பம்” என்பார் படித்த உறவினர். “கையில் போனைக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்” என்று இன்னொருவர். இறுதியில் எல்லாம் சுற்றிச் சுற்றி ஓரிடத்தில் வந்து நிற்கும்: “தாய் வேலைக்குப் போகிறாள், பிள்ளையோடு பேச ஆளில்லை.” அவ்வளவையும் கேட்டுக்கொண்டு, தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, உறங்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அழுகின்ற தாய்மார் இந்நாட்டில் இருக்கின்றார்கள்.

ஆகவே முதலில் அந்தப் பழியை எடுத்து ஆராய்வோம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1,766 குழந்தைகளை இரண்டாம் வயதில் ஆராய்ந்து 2007ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அவர்களில் 13.4 விழுக்காட்டினர் பேச்சில் பின்தங்கியிருந்தனர். அதாவது ஏழெட்டுக் குழந்தைகளில் ஒன்று. காரணங்களைத் தேடியபோது, தாயின் படிப்பும், வீட்டின் வருமானமும், பெற்றோரின் மனநிலையும், பிள்ளை வளர்க்கும் முறையும் அதற்கு விளக்கமாக அமையவில்லை. விளக்கமாக அமைந்தவற்றுள் முக்கியமானவை இரண்டு: ஆண் குழந்தையாக இருப்பது, குடும்பத்தில் வேறு யாரேனும் தாமதமாகப் பேசியிருப்பது. ஆண் குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகவும், குடும்ப வரலாறு உள்ளவர்களுக்கு இரு மடங்காகவும் இருந்தது.

தாயைக் குறை கூறுபவர்கள் இந்த ஆய்வின் முதற்பகுதியை மனத்தில் கொள்ளட்டும். இரண்டாம் பகுதி பாட்டிக்கும் அத்தைக்கும் உரியது. ‘அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்’ என்பது ஆறுதல் மொழியாகவே இதுநாள்வரை சொல்லப்பட்டு வந்துள்ளது. உண்மையில் அது மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி. அப்பா எப்போது பேசினார், அதன்பின் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்க இடர்ப்பட்டாரா என்பதெல்லாம் மருத்துவருக்குப் பயன்படும். ஆண் குழந்தை என்ற காரணமும் அப்படியே. ஆணும் பெண்ணும் பேசத் தொடங்குவதில் சராசரியாக உள்ள வேறுபாடு ஓரிரு மாதங்கள்தாம். இரண்டு வயதில் ஒரு சொல்லும் இல்லாத மகனை ‘ஆண் பிள்ளை’ என்ற ஒரே சொல்லால் விளக்கிவிட முடியாது.

சரி, எந்த வயதில் எதை எதிர்பார்ப்பது? இதற்குக் குமரகுருபரர் பாடிய பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையையே துணையாகக் கொள்ளலாம். பாட்டியல் நூலோர் மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்தார்கள். ஒன்பதாம் திங்கள் அளவில் கை கொட்டும் சப்பாணிப் பருவம். ஓராண்டு நிறைவை ஒட்டி, அழைத்தால் வருகின்ற வருகைப் பருவம். பதினைந்தாம் திங்கள் அளவில் வானத்து நிலவைச் சுட்டி விளையாட அழைக்கும் அம்புலிப் பருவம். இனி, குழந்தை மருத்துவர் இன்று கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். “கை கொட்டுகிறதா? பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா? நீங்கள் சுட்டும் பொருளைப் பார்க்கிறதா? தானாக எதையேனும் சுட்டிக் காட்டுகிறதா?” புலவர்கள் மருத்துவ அட்டவணை எழுத வரவில்லை. ஆயினும் தாய்மார் மடியில் நடப்பதை அவர்கள் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

அந்த நிலவைச் சுட்டும் விரலில் ஓர் ஆழ்ந்த செய்தி உண்டு. ஆறு மாதக் குழந்தைக்கு நிலாவைக் காட்டினால் அது பெரும்பாலும் காட்டும் கையையே பார்க்கும். பின்னர்க் கை காட்டும் திசையைப் பார்க்கக் கற்கிறது. ஓராண்டை ஒட்டி அது தானே விரலை நீட்டி, நிலாவைப் பார்த்து, உடனே திரும்பித் தாயின் முகத்தைப் பார்க்கிறது: ‘நீயும் பார்த்தாயா?’ அவ்வொரு பார்வையில் குழந்தை, தாய், நிலா ஆகிய மூன்றும் இணைகின்றன. அந்நேரத்தில் தாய் ‘நிலா’ என்று சொன்னால் அச்சொல் எதற்கு உரியது என்பது குழந்தைக்கு விளங்கிவிடும். சொல் பிறக்கும் முன்பே இந்த இணைப்பு ஏற்பட வேண்டும். அதனால்தான், பேசாத குழந்தையைப் பார்க்கும் வல்லுநர் வாயைப் பார்ப்பதற்கு முன் விரலையும் விழியையும் பார்க்கின்றார்.

கேட்பதற்கினிய கூவல் ஒலிகள் இரண்டு மூன்று மாதத்தில் எழும். ‘பபப’, ‘மமம’ என்ற அடுக்கொலிகள் ஆறேழு மாதத்தில் வரும். பொருளோடு கூடிய முதற்சொல் ஓராண்டை ஒட்டி வரலாம். சில குழந்தைகளுக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும். இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரு சொற்களை இணைக்க வேண்டும். அந்த வயதில் ஐம்பதுக்கும் குறைவான சொற்களே இருந்து, இரு சொல் இணைப்பும் இல்லையெனில், அக்குழந்தையைத் தாமதமாகப் பேசும் குழந்தை என்று பேச்சுத்துறையினர் வகைப்படுத்துகின்றனர். இங்கே ‘சொல்’ என்றால் திருத்தமான சொல் என்று பொருளன்று. பூனையைக் கண்டால் எப்போதும் ‘மாவ்’ என்றால் அது ஒரு சொல். சோற்றுக்கு ‘மம்மு’ என்றால் அதுவும் ஒரு சொல். ரகரத்தையும் ழகரத்தையும் மூன்று வயதுப் பிள்ளை ஒழுங்காக ஒலிக்கவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. ஒலிபெருக்கியில் பேசும் பெரியவர்கள் பலருக்கே ழகரம் இன்னும் வரவில்லை.

இவ்வாறு தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளி செல்லும் வயதுக்குள் மற்றவர்களோடு சேர்ந்துவிடுகிறார்கள். இது உண்மை, இதைச் சொல்லித்தான் ‘காத்திருங்கள்’ என்கிறார்கள். இடர் என்னவெனில், சேர்ந்துவிடப் போகும் பிள்ளை எது, சேராமல் போகப் போகும் பிள்ளை எது என்று இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. சொல்வதைப் புரிந்துகொள்ளும், கையால் பலவற்றைக் காட்டும், பொம்மைக்குச் சோறூட்டி விளையாடும் பிள்ளைக்கு நம்பிக்கை மிகுதி. சொல்வதும் விளங்காமல், சைகையும் இல்லாமல் இருந்தால் ஒரு மாதம்கூடக் காத்திருப்பது தகாது.

அடுத்தது செவி. பேசாத குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டிய சோதனை செவிச்சோதனை. இதைச் சொன்னவுடன் எல்லா வீடுகளிலும் ஒரே மறுமொழி வரும்: “காது நன்றாகக் கேட்கிறதே! கோயில் மணி அடித்தால் திரும்புகிறானே! தவில் சத்தத்துக்கு அழுகிறானே!” கோயில் மணியும் தவிலும் பேரொலிகள். மனிதப் பேச்சில் உள்ள க், ச், த் போன்ற ஒலிகள் மிக மெல்லியவை. சளி பிடித்த பின் செவிப்பறைக்கு உட்புறம் நீர் தேங்கிவிடுவது இவ்வயதுக் குழந்தைகளுக்கு அடிக்கடி நேர்வது. வலி இராது, காய்ச்சலும் இராது. ஆனால் தண்ணீருக்குள் இருந்துகொண்டு பேச்சைக் கேட்பது போல அக்குழந்தைக்குக் கேட்கும். ‘பட்டு’, ‘தட்டு’, ‘கட்டு’ மூன்றும் அதற்கு ஒன்றுபோல் ஒலிக்கும். மூன்றையும் ஒன்றாகக் கேட்கும் பிள்ளை எதைத் திருப்பிச் சொல்லும்?

பிறவியிலேயே நிலையான செவிக்குறை உள்ள குழந்தைகள் ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை. அவர்களைப் பொறுத்தவரை காலம் மிக முக்கியம். ஆறு மாதத்துக்கு முன் கண்டறிந்து உதவி தொடங்கப்பெற்ற குழந்தைகள், பிந்திக் கண்டறியப்பெற்றவர்களைவிட மொழியில் நன்கு முன்னேறினார்கள் என்று அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த ஆய்வு 1998ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்துக்குள் உதவி என்பது வல்லுநர்கள் வகுத்துள்ள நெறி. மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு இச்சோதனை நடந்திருக்கும் என்று எண்ணி இருந்துவிடாமல், நடந்ததா என்று குறிப்பேட்டில் பார்த்துக்கொள்வது நலம். தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்துகொள்ளும் வழக்கமுள்ள குடும்பங்களில் பிறவிச் செவிக்குறை சற்று மிகுதியாகக் காணப்படுகிறது. யாரையும் குறை கூறுவதற்காக இது சொல்லப்படவில்லை. அத்தகைய குடும்பங்கள் இச்சோதனையை ஒருபோதும் விட்டுவிடக்கூடாது என்பதற்காகவே.

இனி, மொழி. இதில் சற்று நின்று பேசுவது அவசியம்.

இந்நாட்டுத் தமிழ் வீடு எப்படிப்பட்டது? பாட்டி தமிழில் கொஞ்சுவார். தந்தை ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசுவார். பக்கத்து வீட்டு மக்சிக் மலாயில் பேசுவார். பராமரிப்பு இல்லத்தில் ஆங்கிலம். நாளைக்குச் சீனப் பாலர் பள்ளிக்கு அனுப்பலாமா என்ற பேச்சும் நடக்கும். பிள்ளை பேசவில்லை என்றதும் எல்லோர் கண்ணும் மொழிகள் மீது விழுகிறது. “ஒரே மொழியில் பேசுங்கள்” என்ற அறிவுரை பிறக்கிறது. அந்த ஒரே மொழி எது? நடைமுறையில் அது தமிழாக இருப்பதில்லை. நிறுத்தப்படுவது எப்போதும் தமிழே.

இந்த அறிவுரைக்கு ஆய்வுச் சான்று இல்லை. ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் கேட்டு வளரும் குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில், இரு மொழிச் சொற்களையும் கூட்டிக் கணக்கிட்டபோது அவர்கள் ஒருமொழிக் குழந்தைகளுக்குப் பின்தங்கியிருக்கவில்லை. ஒரு மொழியை மட்டும் எண்ணினால்தான் குறைவாகத் தோன்றும். ஆகவே ‘பால்’ என்று தமிழில் சொல்வதும், பராமரிப்பு இல்லத்தில் ‘மில்க்’ என்பதும், பக்கத்து வீட்டில் ‘சூசூ’ என்பதும் சொற்கணக்கில் சேர வேண்டியவையே. ‘பாட்டி கம்’, ‘நாசி வேணும்’ என்று கலந்து சொல்வதும் குழப்பமன்று. கையில் கிடைத்த சொற்களைக் கொண்டு பிள்ளை வாக்கியம் கட்டுகிறது. டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகள்கூட இரு மொழி கேட்பதால் பின்னடைவதில்லை என்று கனடாவில் 2005ஆம் ஆண்டு காட்டப்பட்டது. உண்மையான மொழிக்குறை இருக்குமானால் அது எல்லா மொழிகளிலும் தோன்றும்; ஒரு மொழியை எடுத்துவிட்டால் குறை நீங்காது.

எடுத்துவிட்டால் என்ன நேரும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழில் ஆயிரம் கதை சொல்லத் தெரிந்த தாய், தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் ‘கம்’, ‘கோ’, ‘சிட்’, ‘நோ’ என்று நான்கு கட்டளைகளோடு நிறுத்திக்கொள்கிறாள். சாய்ந்தாடும் பாட்டும், கைவீசும் பாட்டும், நிலாவைக் கூப்பிடும் பாட்டும் நின்றுபோகின்றன. பாட்டியைப் பேசாமல் இருக்கச் சொல்கிறார்கள். பேரனைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஊரிலிருந்து வந்தவர், அவன் அருகில் வாய் மூடி அமர்ந்திருக்கிறார். பேச்சு வராத பிள்ளைக்கு மருந்து என்று சொல்லி, அவனோடு மிகுதியாகப் பேசக்கூடிய இருவரின் வாயை அடைத்துவிடுகிறார்கள். வீட்டார் எந்த மொழியில் தடையின்றிச் சிரித்து, கடிந்து, கதை சொல்லிப் பேசுவார்களோ அந்த மொழியே அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஏற்ற மொழி. தமிழ் வீட்டில் அது தமிழாக இருப்பதற்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

அக்காலத்தில் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் இருபது முப்பது பிள்ளைகள் ஒன்றாகக் கிடந்து ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு வளர்ந்தார்கள். இன்று அடுக்குமாடியின் எட்டாம் மாடியில் தனிப்பிள்ளை என்று சிலர் ஏங்குவதுண்டு. ஏக்கத்தில் பாதி நியாயம் உண்டு. மறுபாதியையும் சொல்ல வேண்டும். அந்த லயங்களில் செவி கேளாத பிள்ளை ஒன்று இருந்தால் அதற்கு ‘ஊமை’ என்று பெயர் வைத்துவிட்டு, அவ்வளவில் விட்டுவிட்டார்கள். பெற்றோர் இட்ட பெயர் மறந்து, சாகும்வரை அப்பெயரோடு வாழ்ந்தவர்கள் உண்டு. அச்சொல்லை இன்றும் விளையாட்டாகப் பயன்படுத்துவோர் அதனை விட்டொழிப்பது நல்லது.

கைத்தொலைபேசியைப் பற்றியும் கேள்வி எழும். “தமிழ்ப் பாட்டுதானே ஓடுகிறது, பிள்ளை கற்றுக்கொள்ளட்டுமே” என்று அன்னதானக் கூடத்தில்கூடத் தட்டின் முன் திரையை நிறுத்திவிட்டுச் சோறூட்டுகிறார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்கச் செய்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தி, 2003ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு 12 முறை சீன மொழியினர் நேரில் வந்து பொம்மை காட்டிப் பேசினார்கள். மற்றொரு பகுதியினர் அதே பேச்சை ஒளிப்படத் திரையில் கண்டார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டை இனங்கண்டன. திரையில் கேட்டவை சீனமே கேளாத குழந்தைகளைப் போலவே இருந்தன. திரை குழந்தைக்கு மறுமொழி சொல்வதில்லை. அது விரல் நீட்டினால் திரும்பிப் பார்ப்பதுமில்லை. ஊரிலுள்ள தாத்தாவோடு முகம் பார்த்துப் பேசும் அழைப்பு வேறு. அவர் சிரித்தால் இவன் சிரிப்பான். உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியின்படி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதற்காகப் பேசாத பிள்ளைக்கெல்லாம் போன்தான் காரணம் என்று தீர்ப்புக் கூறுவதும் தவறு. போனை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறு மாதம் காத்திருந்து, செவிச்சோதனையைத் தள்ளிப்போடும் குடும்பங்களும் உண்டு.

கைமருந்துகளில் வசம்பு முதலிடம் பெறும். வசம்பைச் சுட்டு, தேனில் குழைத்து நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்பது நெடுநாள் நம்பிக்கை. பேச்சுத் தாமதத்துக்கு நாக்கின் தடிப்பு காரணமன்று. ஆகவே நாக்கில் தடவுவதால் பேச்சு வருவதற்கு வழியில்லை. வசம்பில் உள்ள அசரோன் என்னும் பொருளின் தீமையைக் கருதி அமெரிக்க அரசு 1968ஆம் ஆண்டு அதனை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுப்பது உயிருக்கே இடர் விளைவிக்கக்கூடிய நச்சு நோயைத் தரலாம். நாக்கின் அடியில் உள்ள சவ்வை வெட்டிவிட்டால் பேசுவான் என்பதும் அப்படியே. அது இறுகியிருந்தால் பால் குடிப்பதில் தொல்லை வரலாம், சில ஒலிகள் திருந்தாமல் போகலாம். சொற்களே இல்லாமற்போவதற்கு அது காரணமாகாது. வேண்டுதல் செய்வோரைத் தடுக்க வேண்டியதில்லை. வேல் முன் நின்று மனமுருகி அழுத தாய்க்கு அங்கே கிடைக்கும் தெம்பு சிறிதன்று. அத்தெம்போடு மறுநாள் காலை மருந்தகத்து வரிசையில் நிற்கலாம்.

மலேசியாவில் பிறக்கும் குழந்தைக்கு அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் ஆறு வயது வரைக்கான ஒரு குறிப்பேடு தருகிறார்கள். தடுப்பூசி அட்டவணைக்காக மட்டும் அதனைப் புரட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. அதில் வளர்ச்சி பற்றிய பக்கங்களும் உண்டு. 18ஆம் மாதத் தடுப்பூசிக்குச் செல்லும்போது எம்-சாட் என்னும் வினாத்தாள் ஒன்றையும் நிரப்பச் சொல்வார்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, ஒன்றைச் சுட்டிக் காட்டுகிறதா, பாவனை விளையாட்டு உண்டா என்பன போன்ற கேள்விகள். ‘இல்லை’ என்று எழுதினால் பிள்ளைக்குப் பட்டம் சூட்டிவிடுவார்களோ என்று அஞ்சி, எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிற பெற்றோர் உண்டு. அந்தத் தாள் நோயை முடிவு செய்வதன்று. மேலும் பார்க்க வேண்டிய பிள்ளை எது என்பதைக் காட்டுவது. பொய்யாக நிரப்பினால் இழப்பு மருந்தகத்துக்கு அன்று.

அவ்வினாத்தாள் தேடுவது முதன்மையாக ஆட்டிசம் எனப்படும் தன்முனைப்புக் குறையை. பேசாத பிள்ளைகள் அனைவருக்கும் அது இருப்பதில்லை. ஆனால் கண்ணோடு கண் பார்க்காமை, அழைத்தால் திரும்பாமை, எதையும் சுட்டிக் காட்டாமை ஆகியவை பேச்சின்மையோடு சேர்ந்து வந்தால் உடனே பார்க்க வேண்டும். முன்பு சொன்ன சொற்களைப் பிள்ளை இழந்துவிட்டால் எந்த வயதாயினும் அவ்வாரமே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று 1998ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஆங்கிலக் கட்டுரையை அதனை வெளியிட்ட இதழே 2010ஆம் ஆண்டு திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டு வெளிவந்த முடிவும் அப்படியோர் தொடர்பு இல்லை என்றே காட்டியது. அந்த அச்சத்தால் ஊசியைத் தவிர்ப்பவர்கள் பிள்ளையைத் தட்டம்மைக்கு ஆளாக்குகிறார்கள்.

பேச்சுப் பயிற்சியாளர் என்ன செய்வார்? நாக்கைப் பிடித்து இழுத்துப் பழக்குவார் என்று நினைத்துச் சென்றவர்கள், அவர் தரையில் அமர்ந்து பிள்ளையோடு கார் ஓட்டி விளையாடுவதைப் பார்த்து, ‘இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்’ என்று முகம் சுளிப்பதுண்டு. இவ்வயதில் பயிற்சியின் பெரும்பகுதி பெற்றோருக்கே உரியது. கனடாவில் 1975ஆம் ஆண்டு தோன்றிய ஹானன் முறை பெற்றோரையே பயிற்றுவிப்பது. பிள்ளை எதைப் பார்க்கிறது என்று கவனித்தல், காத்திருத்தல், செவிமடுத்தல் ஆகியவை அதில் முதன்மை.

வீட்டில் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்வதானால், கேள்வி கேட்பதைக் குறைக்கலாம். “இது என்ன? சொல்லு! சொன்னால்தான் தருவேன்” என்று பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையைத் தேர்வு எழுத வைக்கிறார்கள். பிள்ளை அழுகிறது; பழமும் கசக்கிறது. அதற்கு மாறாக, பிள்ளை பழத்தைப் பார்க்கும் அந்நொடியில் “பழம்” என்று சொல்லிவிட்டு, மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை பேசாமல் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஐந்து நொடி மிக நீளமாகத் தோன்றும். பெரியவர்களுக்கு அவ்வளவு நேரம் வாய் மூடி இருப்பது எளிதன்று. பிள்ளை ‘ப’ என்றால் போதும், “ஆமாம், பழம்! மஞ்சள் பழம்!” என்று ஒரு சொல் கூட்டிக் கொடுத்துவிடலாம். பிள்ளை ஒரு சொல்லில் இருந்தால் பெரியவர் இரண்டு சொல்லில். தோசை ஊற்றும்போதும், குளிப்பாட்டும்போதும், விளக்கேற்றும்போதும் செய்யலாம். இதற்கென்று தனி நேரமோ விலையுயர்ந்த பொம்மையோ வேண்டாம். இரவு வேலை செய்யும் தாய்க்கும் குளிப்பாட்டும் கால் மணி நேரம் கிடைக்கும்.

பேச்சுப் பயிற்சியாளர்களின் எண்ணிக்கை இங்கே குறைவு. இத்துறையைத் தேசியப் பல்கலைக்கழகமாகிய யுகேஎம் 1990களின் நடுப்பகுதியில்தான் கற்பிக்கத் தொடங்கியது. அவர்களுள் தமிழ் அறிந்தவர் மிகச் சிலர். தமிழ் அறியாத வல்லுநர் முன் தமிழ் பேசும் பிள்ளை வாய் திறவாமல் இருந்தால் ‘சொல்லே இல்லை’ என்று எழுதப்பட்டுவிடும். ஆகவே போகுமுன் ஒரு வாரம், ஒரு பயிற்சிப் புத்தகத்தில், பிள்ளை சொன்ன சொற்களை எல்லாம் எந்த மொழியாயினும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டியிடமும் பராமரிப்பு இல்லத்து அக்காவிடமும் கேட்டுச் சேர்க்க வேண்டும். பிள்ளை வீட்டில் விளையாடும்போது இரண்டு நிமிடம் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் கொண்டுபோகலாம்; அந்தக் கருவிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. காதில் சீழ் வந்ததுண்டா, குடும்பத்தில் யார் தாமதமாகப் பேசினார் என்பதையும் குறித்துக்கொள்க.

முதலில் சுகாதார மருந்தகத்துத் தாதியிடமே சொல்லலாம். அங்கிருந்து மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். சிங்கப்பூரில் உள்ளவர்கள் பலதுறை மருந்தகம் வழியாகக் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்பப்படலாம். வளர்ச்சியில் பெருந்தாமதம் உள்ள பிள்ளைகளுக்கு மலேசியச் சமூக நல இலாகாவின் ஆதரவில் பிடிகே என்னும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் உள்ளன. உடற்பேறு குறைந்தோருக்கான ஓகேயு அட்டை எடுத்தால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று பின்வாங்குகிற பெற்றோர் பலர். அது விருப்பத்தின் பேரில் எடுப்பது. எடுத்தவர்களுக்குச் சில உதவிகளும் சலுகைகளும் கிடைக்கின்றன.

அரசாங்க மருத்துவமனையில் தேதி கிடைப்பதற்குச் சில மாதங்கள் ஆகலாம். “இரண்டு வயது முடியட்டும், அப்புறம் பார்ப்போம்” என்று பிறந்தநாள் வரை பொறுத்திருந்து அதன்பின் வரிசையில் நின்றால், முறை வரும்போது பிள்ளைக்கு இரண்டரை ஆகியிருக்கும். ஐயம் எழுந்த அன்றே பெயரைப் பதிந்துவிடலாம். காத்திருக்கும் மாதங்களில் பிள்ளை பேசத் தொடங்கிவிட்டால், மருந்தகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துத் தேதியை இன்னொரு பிள்ளைக்கு விட்டுக்கொடுத்துவிடலாம். அப்படி அழைப்பவர்களைத் தாதிமார் கோபித்துக்கொள்வதில்லை.